காரணி மரத்தை எப்படிப் போட்டாலும் அடியில் ஏன் அதே பகா எண்கள்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் 360க்குக் காரணி மரம் (ஓர் எண்ணைப் பெருக்கலாகப் பிரித்து, பிரிந்தவற்றையும் மேலும் மேலும் பிரித்துக் கிளைகளாக எழுதுவது) போட்டபோது 36 × 10 என்று தொடங்கினாள். அவள் தோழி 8 × 45 என்று தொடங்கினாள். கிளைகள் வேறு வேறாக இருந்தும் கடைசியில் இரண்டு பேருக்கும் 2, 2, 2, 3, 3, 5 என்ற, மேலும் பிரிக்க முடியாத அதே ஆறு பகா எண்கள்தான் வந்து நின்றன. "அது எப்படி ரெண்டு பேருக்கும் ஒண்ணே வருது?" என்று அவள் கேட்டதற்குக் கிடைத்த பதில், "அது அப்படித்தான் வரும்." இதோடு நீங்கள் இன்னும் இரண்டு விஷயங்கள் கேட்டிருக்கிறீர்கள். 1 ஏன் பகா எண் இல்லை? ஓர் எண்ணைப் பார்த்தவுடன் அது பகா எண்ணா என்று சொல்லச் சுருக்குவழி இருக்கிறதா? மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் மகள் கேட்டதுதான் இதில் பெரிய கேள்வி. பதிலில் பாதி அதற்கே போகும்.

நான் பல வருடங்களாகக் கல்லூரியில் எண் கோட்பாடு நடத்துகிறேன். பட்டப்படிப்புக்கு வரும் மாணவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டால், "இது தெரிஞ்ச விஷயம்தானே சார்" என்பார்கள். பழகிப்போனதால் தெரிந்த மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். இதற்கு நிரூபணம் தேவை என்று உணர்வதற்கே கணிதத்தில் ஒரு பக்குவம் வேண்டும். உங்கள் மகளுக்கு அது இந்த வயதிலேயே வந்திருக்கிறது.

அவள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எந்த எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாக எழுத முடியுமா என்பது ஒன்று. ஒரே ஒரு விதமாகத்தான் எழுத முடியுமா என்பது இன்னொன்று. முதலாவது சுலபம். 1ஐ விடப் பெரிய ஏதாவது ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அது பகா எண் என்றால் வேலை முடிந்தது. இல்லையென்றால் அதைத் தன்னைவிடச் சிறிய இரண்டு எண்களின் பெருக்கலாக எழுதலாம். அந்த இரண்டையும் அதே மாதிரி பிரிக்கலாம். ஒவ்வொரு படியிலும் எண்கள் சிறிதாகிக்கொண்டே வருகின்றன. இயல் எண்கள் முடிவே இல்லாமல் சிறிதாகிக்கொண்டு போக முடியாது, எங்கேயாவது நின்றுதான் ஆக வேண்டும். நிற்கிற இடமெல்லாம் பகா எண்.

இரண்டாவது கேள்விக்கும் பலர் இதையே காரணமாகச் சொல்வார்கள். "இனி உடைக்கவே முடியாது என்கிற அளவுக்கு உடைத்துவிட்டோம், அப்புறம் எப்படி வேறு விடை வரும்?" கேட்க நியாயமாகத் தெரியும், ஆனால் இது காரணம் ஆகாது. ஏன் என்று பார்க்க ஒரு சின்ன சோதனை செய்யலாம். ஒற்றைப்படை எண்களே இல்லாத ஓர் உலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே இருப்பவை 2, 4, 6, 8, 10, 12 என்று இரட்டைப்படை எண்கள் மட்டும். இரண்டு இரட்டைப்படை எண்களைப் பெருக்கினால் வருவதும் இரட்டைப்படை எண்தான், அதனால் பெருக்கல் அங்கே தடையில்லாமல் நடக்கும். 4ஐ 2 × 2 என்று பிரிக்கலாம். 12ஐ 2 × 6 என்று பிரிக்கலாம். ஆனால் 6ஐப் பிரிக்க முடியாது, ஏனென்றால் 3 என்ற எண்ணே அங்கே கிடையாது. அதே மாதிரி 2, 10, 14, 18, 30 இவையும் அங்கே பிரிக்க முடியாதவை. அந்த உலகத்தில் இவைதான் பகா எண்கள் மாதிரி. இப்போது 60ஐப் பிரித்துப் பாருங்கள். 2 × 30 என்று பிரிக்கலாம். 6 × 10 என்றும் பிரிக்கலாம். நான்குமே அதற்கு மேல் உடைக்க முடியாதவை. ஒரே எண், இரண்டு வெவ்வேறு விடைகள்.

ஆக, கடைசி வரை உடைத்துவிட்டால் தானாகவே ஒரே விடை வந்துவிடும் என்று சொல்ல முடியாது. நாம் பழகும் 1, 2, 3, 4 என்ற எண்களில் ஒரே விடை வருகிறது என்றால், இந்த எண்களிடம் அந்த இரட்டைப்படை உலகத்தில் இல்லாத ஏதோ ஒரு குணம் இருக்க வேண்டும். அந்தக் குணத்தைக் கண்டுபிடித்தால் உங்கள் மகளுக்குப் பதில் கிடைத்துவிடும்.

அது இதுதான்: ஒரு பகா எண் இரண்டு எண்களின் பெருக்கலை மீதியில்லாமல் வகுத்தால், அந்த இரண்டில் ஒன்றையாவது அது வகுத்தே தீரும். 7 என்ற எண் 84ஐ வகுக்கிறது. 84ஐ 12 × 7 என்று எழுதினாலும், 6 × 14 என்று எழுதினாலும், 3 × 28, 4 × 21, 2 × 42 என்று எப்படி எழுதினாலும் இரண்டில் ஒன்று 7ஆல் வகுபடும். பகா எண் அல்லாத 6க்கு இந்தக் குணம் இல்லை. 4 × 9 = 36 என்பது 6ஆல் வகுபடுகிறது, ஆனால் 4உம் வகுபடாது, 9உம் வகுபடாது. 6இன் ஒரு பாதி 4இலும் மறுபாதி 9இலும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பகா எண்ணை அப்படி இரண்டு பக்கமும் பங்கு போட முடியாது. இரட்டைப்படை உலகத்தில் 6ஐப் பிரிக்க முடியாதுதான், இருந்தாலும் இந்தக் குணம் அதற்கு வரவில்லை. அது 60ஐ வகுக்கிறது, ஆனால் 2 × 30 என்று எழுதினால் 2ஐயும் வகுக்கவில்லை, 30ஐயும் வகுக்கவில்லை. (30ஐ வகுக்க 5 வேண்டும், அது அங்கே இல்லை.) விடை இரண்டாகப் போன இடம் சரியாக இதுதான்.

சரி, நம் எண்களில் பகா எண்களுக்கு இந்தக் குணம் இருக்கிறது என்பதற்கு என்ன உத்தரவாதம்? எத்தனை எடுத்துக்காட்டு பார்த்தாலும் அது உத்தரவாதம் ஆகாது. நிரூபணம் ஒன்று இருக்கிறது. கூட்டல், கழித்தல், மீதி வரும் வகுத்தல் இவை தெரிந்தால் போதும், ஆனால் பேப்பரில் எழுதிக்கொண்டே படியுங்கள். 7ஐயும் 12ஐயும் எடுத்துக்கொள்வோம். இரண்டையும் எத்தனை தடவை வேண்டுமானாலும் கூட்டலாம், கழிக்கலாம். இப்படிச் செய்து கிடைக்கும் எண்களில், பூச்சியத்தை விடப் பெரியவற்றில் மிகச் சிறியது எது? 1 தான். ஏழு 7களிலிருந்து நான்கு 12களைக் கழித்தால் 49 − 48 = 1. இது 7க்கும் 12க்கும் மட்டும் தற்செயலாக அமைந்தது இல்லை. கிடைக்கக்கூடிய அந்த மிகச் சிறிய எண்ணை 'ச' என்று வைத்துக்கொள்வோம். 7ஐ ச ஆல் வகுத்தால் வரும் மீதியும், 7இலிருந்து சில ச களைக் கழித்துக் கிடைத்ததுதான், அதாவது அதுவும் 7களையும் 12களையும் கூட்டிக் கழித்துக் கிடைத்த ஓர் எண். மீதி என்பதால் அது ச ஐ விடச் சிறியது. ஆனால் ச தான் மிகச் சிறியது என்று சொல்லிவிட்டோமே! அதனால் மீதி பூச்சியமாக இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதாவது ச என்பது 7ஐ மீதியில்லாமல் வகுக்கிறது. இதே காரணத்தால் 12ஐயும் வகுக்கிறது. 7 பகா எண், அதனால் ச என்பது 1 ஆகவோ 7 ஆகவோதான் இருக்க முடியும். 7 என்பது 12ஐ வகுக்காது. ஆக ச = 1.

இனிமேல் ஒரே ஒரு வரிதான். 49 − 48 = 1 என்பதை, அதாவது 7 × 7 − 4 × 12 = 1 என்பதை, ஏதாவது ஓர் எண் 'அ' ஆல் பெருக்குங்கள். 7 × 7 × அ − 4 × (12 × அ) = அ என்று வரும். இடது பக்கத்தில் முதல் பகுதி 7ஆல் வகுபடும், அதற்குள்ளேயே 7 இருக்கிறது. 12 × அ என்பது 7ஆல் வகுபடுகிறது என்றால் இரண்டாவது பகுதியும் வகுபடும். இரண்டும் வகுபட்டால் அவற்றின் வித்தியாசமும் வகுபட வேண்டும், அந்த வித்தியாசம்தான் அ. முடிந்தது: 7 என்பது 12ஐ வகுக்காமல் 12 × அ ஐ வகுத்தால், அது அ ஐ வகுத்தே ஆக வேண்டும். 7க்குப் பதில் எந்தப் பகா எண்ணையும், 12க்குப் பதில் அதனால் வகுபடாத எந்த எண்ணையும் வைத்தாலும் இதே வாதம் ஓர் எழுத்து மாறாமல் நிற்கும். இரட்டைப்படை உலகத்தில் இது ஏன் நிற்காது என்றும் இப்போது பார்க்கலாம். அங்கே எதை எப்படிக் கூட்டிக் கழித்தாலும் 1 கிடைக்கவே கிடைக்காது.

இந்தக் குணம் கையில் இருந்தால் மரக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம். உங்கள் மகளுக்கு ஒரு பட்டியல், தோழிக்கு ஒரு பட்டியல், இரண்டும் 360இன் பகாக் காரணிகள் என்று வையுங்கள். மகளின் பட்டியலில் உள்ள 5, 360ஐ வகுக்கிறது. 360 என்பது தோழியின் பட்டியலில் இருப்பவற்றின் பெருக்கல். அதனால் அந்தப் பட்டியலில் ஏதாவது ஒன்றை 5 வகுத்தே தீரும். அந்தப் பட்டியலில் இருப்பதெல்லாம் பகா எண்கள், ஒரு பகா எண்ணை 5 வகுக்கிறது என்றால் அது 5 ஆகத்தான் இருக்க முடியும். ஆக அவள் பட்டியலிலும் 5 இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரு 5ஐ அடித்துவிடுங்கள், மிச்சம் இரண்டு பக்கமும் 72. அதற்கும் இதையே செய்யுங்கள். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனால் இரண்டு பட்டியலும் ஒரே நேரத்தில் காலியாகும். ஒன்று காலியாகி மற்றொன்றில் ஏதாவது மிஞ்சினால், 1 என்பது பகா எண்களின் பெருக்கலுக்குச் சமம் என்று ஆகிவிடும். அது நடக்காது. எழுதும் வரிசை வேண்டுமானால் மாறலாம், எண்கள் மாறாது.

இதைத்தான் பாடப் புத்தகங்கள் எண்ணியலின் அடிப்படைத் தேற்றம் என்று சொல்கின்றன. நான் மேலே சொன்ன குணத்தை யூக்ளிட் ஏறத்தாழ கி.மு. 300இல் எழுதிய 'எலிமெண்ட்ஸ்' நூலின் 7ஆம் பகுதியிலேயே நிரூபித்திருக்கிறார். ஆனால் ஒரே விதமாகத்தான் பிரிக்க முடியும் என்ற தேற்றத்தை முழுமையாக, தெளிவாக எழுதி நிரூபித்தவர் ஜெர்மன் கணித மேதை காஸ், 1801இல் வெளியான தன் எண்ணியல் நூலில். இடையில் இரண்டாயிரம் வருடங்கள். கணித மேதைகளே இதைச் சொல்லாமல் பயன்படுத்திக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அப்படிப் போனதன் விலையையும் சொல்ல வேண்டும். 1847இல் லாமே என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர், ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை (இரண்டுக்கு மேற்பட்ட எந்த அடுக்கிலும், இரண்டு இயல் எண்களின் அடுக்குகளைக் கூட்டி மூன்றாவது ஓர் எண்ணின் அதே அடுக்கைப் பெற முடியாது என்பதை) நிரூபித்துவிட்டதாகப் பாரிஸ் அறிவியல் கழகத்தில் அறிவித்தார். அவர் சாதாரண முழு எண்களை விட்டுவிட்டு, கலப்பெண்களால் (−1இன் வர்க்கமூலத்தையும் சேர்த்துக்கொண்ட எண்களால்) ஆன விரிந்த எண் உலகங்களில் பிரித்துப் பார்த்தார். அந்த உலகங்களிலும் பிரிப்பு ஒரே விதமாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். அது உண்மையா என்று லியூவில் என்ற இன்னொரு கணித அறிஞர் அங்கேயே எழுந்து கேட்டார். அது எல்லா இடத்திலும் உண்மை இல்லை என்பதை ஜெர்மனியில் கும்மர் என்ற கணித அறிஞர் அதற்கு முன்பே, 1844இல், காட்டியிருந்தார். லாமேயின் நிரூபணம் விழுந்தது. இப்படி உடையும் உலகத்துக்கு மிகவும் எளிய எடுத்துக்காட்டு −5இன் வர்க்கமூலத்தைச் சேர்த்துக்கொண்ட எண்கள். அங்கே 6ஐ 2 × 3 என்றும் எழுதலாம், 1உடன் அந்த வர்க்கமூலத்தைக் கூட்டியதையும் கழித்ததையும் பெருக்கியும் பெறலாம். நான்குமே அங்கே மேலும் உடையாதவை. இந்தச் சிக்கலைச் சரிசெய்யப் போன கும்மரின் உழைப்பிலிருந்துதான் நவீன இயற்கணிதத்தின் பெரிய பகுதி ஒன்று முளைத்தது. "ஏன் ஒரே விடை?" என்பது சிறுபிள்ளைத்தனமான கேள்வி இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அடுத்தது 1. இதற்கான பதில் வேறு வகை. மேலே சொன்னது தேற்றம், நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் உண்மை. 1 பகா எண் இல்லை என்பது ஓர் ஏற்பாடு, மனிதர்கள் யோசித்து எடுத்த முடிவு. அதை மாணவர்களிடம் அப்படியே சொல்லிவிடுவதுதான் நேர்மை என்று நினைக்கிறேன். முன்காலத்தில் 1ஐப் பகா எண்ணாகக் கொண்டவர்கள் உண்டு. 1742இல் கணித மேதை ஆய்லருக்கு, பகா எண்களின் கூட்டல் பற்றிய தன் புகழ்பெற்ற ஊகத்தை எழுதி அனுப்பிய கோல்ட்பாக் 1ஐப் பகா எண்ணாகத்தான் வைத்துக்கொண்டார். 1914இல் லேமர் வெளியிட்ட பெரிய பகா எண் பட்டியலும் 1இலிருந்துதான் தொடங்கியது. பிறகு ஏன் விலக்கினார்கள்? 1ஐச் சேர்த்தால் 6ஐ 2 × 3 என்றும், 1 × 2 × 3 என்றும், 1 × 1 × 2 × 3 என்றும் எழுதலாம். ஒரே விதம் என்ற தேற்றம் போய்விடும். "1ஐத் தவிர்த்த பகா எண்கள்" என்று ஒவ்வொரு தேற்றத்திலும் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். அதைவிட வரையறையிலேயே விலக்கிவிடுவது நல்லது. இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் வலுவாகப் படுகிறது. 1 மற்ற பகா எண்கள் மாதிரி நடந்துகொள்வதே இல்லை. அது எல்லா எண்களையும் வகுக்கும், அதைக்கொண்டு பெருக்கினால் எதுவும் மாறாது. அதனால் 1ஐப் பகா எண்ணும் இல்லை, பகு எண்ணும் இல்லை என்று தனி வகையில் வைக்கிறோம். "1ஆலும் தன்னாலும் மட்டும் வகுபடும் எண்" என்று மனப்பாடம் செய்வதை விட, "சரியாக இரண்டே இரண்டு வகுத்திகள் உள்ள எண்" என்று நினைவில் வைத்தால் குழப்பமே வராது. 1க்கு ஒரே ஒரு வகுத்திதான்.

மூன்றாவது கேள்வி, சுருக்குவழி. பார்த்தவுடன் சொல்ல வழி கிடையாது. ஆனால் வேலையைப் பெரிதும் குறைக்க வழி இருக்கிறது. ஓர் எண் பகு எண்ணாக இருந்தால், அதன் காரணிகளில் ஒன்றாவது அந்த எண்ணின் வர்க்கமூலத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டு காரணிகளும் வர்க்கமூலத்தைத் தாண்டினால் பெருக்கல் அந்த எண்ணையே தாண்டிவிடுமே. அதனால் வர்க்கமூலம் வரைக்கும், அதுவும் பகா எண்களை மட்டும் வைத்து வகுத்துப் பார்த்தால் போதும். 397ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 20 × 20 = 400, அதனால் 19 வரை போனால் போதும். ஒற்றைப்படை, 5இல் முடியவில்லை, இலக்கங்களின் கூட்டல் 19, ஆக 2, 5, 3 போயின. 7ஆல் வகுத்தால் மீதி 5. 11க்கு மீதி 1, 13க்கு 7, 17க்கு 6, 19க்கு 17. எட்டே சோதனைகளில் 397 பகா எண் என்று உறுதியாகச் சொல்லலாம். 100க்குள் இருக்கும் எண்களுக்கு 2, 3, 5, 7 என்று நான்கே சோதனைகள். மாணவர்கள் வழக்கமாக ஏமாறும் எண்கள் சில உண்டு: 91 = 7 × 13, 119 = 7 × 17, 133 = 7 × 19, 221 = 13 × 17, 323 = 17 × 19. இவை பார்க்கப் பகா எண் போலவே இருக்கும். 7இன் மடங்குகளை நன்றாகப் பழகிக்கொண்டால் பாதித் தவறுகள் நின்றுவிடும்.

இணையத்தில் ஒரு சுருக்குவழி அடிக்கடி சுற்றுகிறது: 6இன் மடங்குக்கு ஒன்று முன்னாலோ ஒன்று பின்னாலோ இருந்தால் பகா எண் என்பார்கள். இதில் பாதிதான் உண்மை. 3ஐ விடப் பெரிய எல்லாப் பகா எண்களும் அப்படி இருக்கும். ஆனால் அப்படி இருப்பதெல்லாம் பகா எண் இல்லை. 25, 35, 49 மூன்றும் அந்த இடங்களில்தான் நிற்கின்றன. இன்னும் கவர்ச்சியான ஒன்றை ஆய்லர் காட்டினார். ஓர் எண்ணை எடுத்து, அதன் வர்க்கத்தோடு அந்த எண்ணையும் கூட்டி, 41ஐயும் கூட்டுங்கள். 0, 1, 2 என்று 39 வரை எதை எடுத்தாலும் விடை பகா எண்தான். நாற்பது தடவை சரியாக வந்தது, இனி எப்போதும் வரும் என்று தோன்றும். 40ஐப் போட்டால் 1681 வருகிறது, அது 41 × 41. எடுத்துக்காட்டுகளை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு வகுப்பில் நான் எப்போதும் இதைத்தான் செய்து காட்டுவேன்.

எண்கள் மிகப் பெரிதாகும்போது இன்னொரு வேறுபாடு தெரிய வரும், பலருக்கும் இது வியப்பாக இருக்கும். ஓர் எண் பகா எண் இல்லை என்று தெரிந்துகொள்வது ஒரு வேலை, அதன் காரணிகளைக் கண்டுபிடிப்பது முற்றிலும் வேறு வேலை. காரணியே தெரியாமல் பகா எண் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஃபெர்மா கண்ட ஒரு விதி இருக்கிறது. ஓர் எண் பகா எண் என்றால், 2ஐ அத்தனை தடவை பெருக்கி 2ஐக் கழித்தால் வருவது அந்த எண்ணால் வகுபடும். 9ஐச் சோதிக்கலாம். 2ஐ ஒன்பது தடவை பெருக்கினால் 512, 2ஐக் கழித்தால் 510. அதை 9ஆல் வகுத்தால் மீதி 6. ஆக 9 பகா எண் இல்லை. 3 என்ற காரணியை நாம் தேடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். இந்தச் சோதனையில் தோற்றால் பகா எண் இல்லை என்பது உறுதி. ஆனால் தேறினால் பகா எண் என்று சொல்லிவிட முடியாது. 341 தேறிவிடும், அது 11 × 31. அதனால் இன்று கணினிகள் இதைவிடக் கறாரான சோதனைகளைப் பயன்படுத்துகின்றன. 2002இல் கான்பூர் ஐஐடியைச் சேர்ந்த மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும், எவ்வளவு பெரிய எண்ணானாலும் பகா எண்ணா இல்லையா என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல், கணினியியல் அளவுகோலில் நியாயமான நேரத்தில் சொல்லிவிடும் வழிமுறையைக் கண்டுபிடித்தார்கள். அந்தக் கேள்வி அதோடு தீர்ந்தது.

காரணிகளைக் கண்டுபிடிக்கும் கேள்வி தீரவில்லை. 2இன் 67ஆம் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்தால் வரும் 21 இலக்க எண்ணை மெர்சென் 1644இல் பகா எண்கள் வரிசையில் சேர்த்திருந்தார். 1876இல் லூக்கா அது பகா எண் இல்லை என்று நிரூபித்தார், ஆனால் ஒரு காரணியைக்கூட அவரால் காட்ட முடியவில்லை. 1903இல்தான் கோல் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 193707721, 761838257287 என்ற இரண்டு காரணிகளையும் காட்டினார். இடையில் 27 வருடங்கள். இரண்டையும் பெருக்கிச் சரிபார்க்க உங்கள் மகளுக்கு ஒரு மாலைப்பொழுது போதும். பெருக்குவது சுலபம், பிரிப்பது கடினம் என்ற இந்த ஒருவழித்தன்மையை வைத்துத்தான் 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மேன் மூவரும் ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறையை (செய்தியை மற்றவர்கள் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்பும் முறையை) அமைத்தார்கள். அந்த வருடம் சவாலாக விடப்பட்ட 129 இலக்க எண் 1994இல்தான் பிரிந்தது, அதுவும் இணையம் வழியாகப் பல தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளைச் சேர்த்து உழைத்த பிறகு. 2020இல் 250 இலக்க எண் ஒன்றைப் பிரித்தார்கள். இன்று பரவலாகப் பயன்படும் ஆர்எஸ்ஏ சாவிகளின், அதாவது பிரிக்க வேண்டிய அந்தப் பெரிய எண்களின், அளவு 617 இலக்கங்கள்.

உறுதியானதையும் நம்பிக்கையையும் இங்கே பிரித்துக்கொள்ள வேண்டும். பெரிய எண்களைப் பிரிப்பது கடினம் என்பது அனுபவம். கடினமாகத்தான் இருக்கும், வேகமான வழி இருக்கவே முடியாது என்று யாரும் நிரூபிக்கவில்லை. சாதாரணக் கணினியில் ஓடும் வேகமான வழி ஒன்று நாளை கிடைத்தால் எந்தத் தேற்றமும் பொய்யாகாது. குவாண்டம் கணினிக்கான வேகமான வழியை ஷோர் 1994இலேயே எழுதிவிட்டார், அதை இந்த அளவு எண்களில் ஓட்டிக் காட்டும் இயந்திரம்தான் இன்னும் வரவில்லை. அதே மாதிரி, பகா எண்கள் முடிவில்லாதவை என்பது உறுதி, யூக்ளிட் நிரூபித்தது. (அந்த நிரூபணத்தைச் சொல்லும்போது, பகா எண்களைப் பெருக்கி 1ஐக் கூட்டினால் எப்போதும் பகா எண் வரும் என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். வராது. 2 × 3 × 5 × 7 × 11 × 13 + 1 = 30031, அது 59 × 509. பட்டியலில் இல்லாத புதிய பகா எண் காரணியாக வரும் என்பது மட்டும்தான் யூக்ளிட் சொன்னது.) ஆனால் 11, 13 போலவும் 17, 19 போலவும் இரண்டு வித்தியாசத்தில் நிற்கும் ஜோடிகள் முடிவில்லாதவையா என்பது இன்றும் நிரூபிக்கப்படவில்லை. 2013இல் யிடாங் ஜாங், ஏழு கோடிக்குள் அடங்கும் இடைவெளியில் முடிவில்லாத ஜோடிகள் உண்டு என்று நிரூபித்தார். பலர் சேர்ந்து அந்த இடைவெளியை 246 வரை இறக்கியிருக்கிறார்கள். 2க்கு இன்னும் வந்து சேரவில்லை.

உங்கள் மகளுக்குக் கொடுக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். 4ஆல் வகுத்தால் 1 மீதி வரும் எண்களை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்: 1, 5, 9, 13, 17, 21, 25 என்று போகும். இவற்றில் எந்த இரண்டைப் பெருக்கினாலும் இதே வரிசைக்குள்தான் விடை வரும், அதை அவளே சரிபார்க்கட்டும். 3 இங்கே இல்லாததால் 9ஐப் பிரிக்க முடியாது. 21ஐயும் 49ஐயும் அப்படித்தான். இந்த வரிசையில் இரண்டு விதமாகப் பிரியும் மிகச் சிறிய எண் எது என்று அவளைத் தேடச் சொல்லுங்கள். விடை 441, அது 21 × 21 என்றும் பிரியும், 9 × 49 என்றும் பிரியும். கண்டுபிடித்த பிறகு, மேலே 7ஐயும் 12ஐயும் வைத்துச் செய்த நிரூபணத்தை இந்த எண்களுக்குச் செய்யச் சொல்லி, எந்த வரியில் நிற்கிறது என்று கேளுங்கள். 5ஐயும் 9ஐயும் கூட்டினால் வரும் 14 இந்த வரிசையில் இல்லை என்பதை அவள் கவனித்துவிட்டால், அங்கிருந்து அவளே பிடித்துக்கொள்வாள்.